கியருக்கு வராத கை

ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் மாஸ்டர் கியர் குமிழைத் துடைத்துவிடுவார். சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி வெளியே வரும். குமிழைச் சுற்றி ஒரு திருகல், உச்சியில் ஒரு தட்டு, துணி பைக்குள் திரும்பிவிடும். "முன்னாடி ஓட்டுனவங்க பயம் உங்க கையில ஒட்டிக்கும்" என்பார். கைவியர்வையைத்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் அவர் சொல்லும் தோரணையில், பயம் என்பது வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுவென்று குமிழில் அப்பியிருப்பதாகவே தோன்றும்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஒரு கார், அது நிற்க ஒரு கொட்டகை, கொட்டகையை ஒட்டி ஒரு முன்னறை, அவ்வளவுதான் பள்ளிக்கூடம். முன்னறையிலும் பாதிதான் அவருக்கு. மறுபாதியில் அவர் மனைவி தையல் மெஷின் போட்டிருக்கிறார். சாலைக் குறிகள் அச்சடித்த பெரிய படத்தின் மேலேயே ஆணி அடித்து, தைத்து முடித்த துணிகளை மாட்டியிருப்பார். 'முந்தாதே' என்ற குறி எப்படியிருக்கும் என்று பார்க்க யாருடைய கால்சட்டையையாவது விலக்கியாக வேண்டும்.

காரில் பயிற்சியாளர் பக்கத்திலும் பிரேக்கும் கிளட்சும் உண்டு. அங்கேயே உட்கார்ந்து உட்கார்ந்து மாஸ்டரின் கால்களுக்கு ஓய்வென்பதே இல்லாமல் போய்விட்டது. முடிவெட்டும் கடையில் உட்கார்ந்தாலும் மிதிக்கிறார், பஸ்ஸில் போனாலும் மிதிக்கிறார். பல் பிடுங்கப் போன இடத்தில், டாக்டர் ஊசியோடு கிட்டே வந்ததும் இரண்டு காலாலும் தரையை ஓங்கி மிதித்தாராம். "டாக்டரம்மா நிக்கவே இல்ல" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் ஓட்டியதைவிடப் பார்த்தது அதிகம். அதனால் எனக்குப் 'பின் சீட்டு' என்றே மாஸ்டர் பெயர் வைத்துவிட்டார்.

பொறுமைசாலிதான். நாற்சந்தியின் நடுவில் கார் செத்து, நாலு பக்கமும் ஹாரன் அலறும்போது, "கத்தட்டும், அவங்களும் ஒருநாள் கத்துக்கிட்டவங்கதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிடுவார். ஆனால் கியர் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. குமிழைப் பிடிப்பதைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாராம். அவசரக்காரன் கை, சந்தேகக்காரி கை, கடனே என்று வந்தவன் கை. இந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது 'கியருக்கு வராத கை'. அப்படி ஒருவரை ஒதுக்கிவிட்டால் அதோடு சரி, மேல்முறையீடு கிடையாது. "வண்டி பொய் சொல்லாது. கைதான் சொல்லும்" என்பார்.

அப்படி ஒதுக்கப்பட்டவர்தான் பேக்கரி அக்கா.

தெருமுனை பேக்கரியில் கேக்குகளுக்குப் பூ வைத்துப் பெயர் எழுதுவது அவர் வேலை. இடது கைக்காரர். கூம்புப் பையை இடது கையில் பிடித்து ஒரு பிழி பிழிந்தால் ரோஜாவின் ஓர் இதழ் விழும், அடுத்த பிழியில் அதை அணைத்தாற்போல இன்னொன்று. அந்தக் கடைக்கு ஒரு டெலிவரி வேன் உண்டு. அக்கா லைசென்ஸ் எடுத்துவிட்டால் வேனை அவரிடமே கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அடுப்புச் சூட்டில் நின்று நின்று கால் நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்ட ஒருவருக்கு, உட்கார்ந்து செய்கிற வேலை என்பது சின்ன விஷயமில்லை. முழங்கையில் மாவு காய்ந்திருக்க, வேலை முடிந்த கையோடு ஓடிவருவார்.

ஸ்டியரிங் அவருக்குச் சொன்னபடி கேட்டது. கண்ணாடி பார்ப்பது, ஓரம் கட்டுவது எல்லாவற்றிலும் என்னைவிடக் கெட்டி. முதல் கியர் மட்டும் விழாது. எங்களுக்கும் அவ்வப்போது தப்பும்தான், அவருக்கு அதுவே வாடிக்கை. கியரை இடப்பக்கம் சாய்த்து மேலே தள்ளினால் ஒன்று, சாய்க்காமல் நேராகத் தள்ளினால் மூன்று. அக்கா சாய்த்துத்தான் தள்ளுவார். ஆனால் விழுவது மூன்றாக இருக்கும். நிற்கிற வண்டி மூன்றாவது கியரில் எப்படி நகரும்? ஒரு உதறு உதறிச் செத்துவிடும். உடனே மாஸ்டர் எட்டி, அக்காவின் கைமேல் தன் கையை வைத்துத் தள்ளுவார். ஒன்று அழகாக விழும். "பாத்தீங்களா? எனக்குப் போகுதுல்ல?" என்பார்.

முதல் தேர்வில் தோற்றார். இரண்டாவது தேர்வில் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். வண்டி செத்துப் பின்னால் உருண்டு கம்பத்தில் முட்டியது. தேர்வு அதிகாரி தலை நிமிராமலேயே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசையில் நின்றிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி மாஸ்டர் சொன்னார்: "அம்மா, உங்க கை கியருக்கு வராத கை. கேக்குல பூ போடறது வேற, இது வேற. விட்டுருங்க." அவர் கத்தவில்லை. வியாதியின் பெயரைச் சொல்லும் டாக்டர் மாதிரி தணிவாக, இரக்கத்தோடு சொன்னார். திட்டியிருந்தால்கூட அக்கா திருப்பித் திட்டியிருப்பார். எங்களோடு காரில் ஏறாமல் பஸ் பிடித்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. பேக்கரி வேனுக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு ஒரு காலையில் மாஸ்டர் இடது மணிக்கட்டில் கட்டோடு வந்து நின்றார். குளியலறையில் வழுக்கி விழுந்து சுளுக்கிக்கொண்டதாம். கொட்டகையிலிருந்து தெருவுக்கு ஏற ஒரு சின்ன மேடு உண்டு. தினமும் அவரே காரை அதில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்துவார். அன்றைக்கும் ஏறி உட்கார்ந்தார். நான் வழக்கம்போல முன்கூட்டியே பின் சீட்டில் இருந்தேன். மணிக்கட்டை மடக்க முடியாததால் குமிழை உள்ளங்கையால் இடப்பக்கம் சாய்த்து மேலே தள்ளினார். எங்களுக்கெல்லாம் அவர் சொல்லிக்கொடுக்கிற அதே முறை. கார் உதறிச் செத்தது. மறுபடி தள்ளினார். மறுபடி செத்தது.

வெளியே சுவரில் சாய்ந்து தன் முறைக்காகக் காத்திருந்த மருந்துக்கடைக்காரரும் என்னோடு கற்றுக்கொள்கிறவர், கியருக்காக அதுவரை மாஸ்டரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. அவர் சாவகாசமாகச் சொன்னார்: "வண்டி பொய் சொல்லாது, மாஸ்டர்."

நான் சிரித்துவிட்டேன். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. மாஸ்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் கியரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சோதிக்கத் தொடங்கினார். எந்தக் கியரிலும் இல்லாதபோது, குமிழைத் தாங்கும் கம்பி தானாக நடுவில் வந்து நிற்க வேண்டும். இது குடித்தவன் கழுத்து மாதிரி ஒருபக்கமாகத் தொங்கியது. கிளட்சை மிதித்து ஒரு கியரில் போட்டுவிட்டுக் குமிழை ஆட்டினார். கியரில் விழுந்த கம்பி கொஞ்சம்தான் அசைய வேண்டும். இது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு சாண் ஆடியது. குமிழ் கழன்றிருக்கிறதா என்று திருகிப் பார்த்தார். இல்லை. அடியிலிருந்த தோல் உறையைத் தூக்கி, கம்பி உட்கார்ந்திருக்கும் தட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். ஆணிகள் இறுக்கமாகவே இருந்தன. கியர் பெட்டிக்குள்ளேயே கோளாறு என்றால் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்குமாம், அதுவும் இல்லை. "அப்ப கீழதான்" என்று முணுமுணுத்தார். கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு இணைப்புத் தண்டு போகிறது. அது சேருகிற இடத்தில் 'புஷ்' என்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அது தேய்ந்துபோனால், மேலே கை சாய்ப்பது கீழே போய்ச் சேராது.

அவ்வளவு தெரிந்ததும் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு இடது கையைக் குமிழில் வைத்து, தான் வழக்கமாகப் போடுகிறபடி மிக மெதுவாக முதல் கியரைப் போட்டார். நான் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்த்தது, தள்ளியது எல்லாம் எங்களுக்குச் சொன்னதுதான். ஆனால் தள்ளுகிற நேரத்தில் மணிக்கட்டு இன்னும் இடப்பக்கமாக ஒரு இழு இழுத்தது. இறுகிக்கிடக்கும் அலமாரியை வீட்டுக்காரர் மட்டும் ஒரு நெம்பு நெம்பித் திறப்பாரே, அந்த மாதிரி. ஒன்று விழுந்தது.

"இத நான் யாருக்கும் சொல்லிக்குடுக்கலியே" என்றார். என்னிடம் சொல்லவில்லை, குமிழிடம் சொன்னார். புஷ் தேயத் தேய அவர் கை தனக்குத்தானே ஒரு சாமர்த்தியத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது, அவருக்கே தெரியாமல். அக்காவின் கைமேல் கை வைத்து ஒவ்வொரு தடவையும் அந்த நெம்பைத்தான் நெம்பியிருக்கிறார். போதாததற்கு "எனக்குப் போகுதுல்ல?" என்று வேறு கேட்டிருக்கிறார். அவர் காது மடல் சிவந்து போவதைப் பின்னாலிருந்து பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. மருந்துக்கடைக்காரரும் விளையாட்டை நிறுத்திவிட்டார்.

உள்ளே போய் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டே ஊசியில் நூல் கோத்தார். "மெஷின்ல நூல் அறுந்தா நான் முதல்ல ஊசியப் பாப்பேன். துணியத் திட்டிட்டிருக்க மாட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, தைத்துக்கொண்டே, "எனக்கும் இந்த வண்டியிலதான சொல்லிக்குடுத்தீங்க?" என்று கேட்டார். அவர் ஒரே ஒரு நாள் கற்றுக்கொண்டு, "உனக்கு வராது" என்று சொல்லப்பட்டு நிறுத்திக்கொண்டவர். கியர் அப்போதே ஆடியதா என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. சட்டைகள் தொங்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேக்கரிக்கு என்னையும் கூப்பிட்டார். "வாங்க பின் சீட்டு. தனியாப் போனா பாதியிலயே திரும்பிருவேன்."

நாங்கள் போனபோது அக்கா ஒரு கேக்கின் ஓரத்துக்கு இதழ் வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஒரு பூவை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். கடையில் கூட்டம் இருந்தது. பின்பக்கம் போய்ப் பேசலாம் என்று அவரே சொன்னார். மாஸ்டர் தலையசைத்து மறுத்துவிட்டார். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும்தான சொன்னேன்." பிறகு, பன் வாங்க வந்தவர்களும் முதலாளியும் கேட்டுக்கொண்டிருக்க, கியரில்தான் கோளாறு, கையில் இல்லை, பார்க்காமல் சொன்னது தன் தப்பு என்று சொன்னார். பாடம் நடத்தும்போது தெருவே கேட்கப் பேசுகிறவர், அங்கே ஒரு பையனைப் போலத் தட்டுத்தடுமாறினார். முதலாளி எதற்கோ கல்லாப்பெட்டியைத் திறந்து மூடினார்.

அக்கா கூம்புப் பையைக் கீழே வைத்தார். "உங்க மன்னிப்ப வச்சு நான் என்ன செய்யறது, மாஸ்டர்? வேன் போயிருச்சு."

நாங்கள் திரும்பி வாசல்வரை வந்துவிட்டோம். பின்னாலிருந்து அக்கா கூப்பிட்டார். அந்த வண்டியை இன்னும் ரிப்பேர் செய்துவிடவில்லையே என்று கேட்டார். இல்லை என்றதும், "தொடாதீங்க. நான் வரேன். எனக்கு அது ஆடறத என் கண்ணால பாக்கணும்" என்றார்.

வேலை முடிந்து ஏப்ரனோடு வந்தார். அதற்குள் நானும் மருந்துக்கடைக்காரரும் ஜாக்கி போட்டுக் காரின் முன்பக்கத்தைத் தூக்கி, மரக்கட்டைகளில் உட்கார வைத்திருந்தோம். மாஸ்டர் டார்ச்சோடு அடியில் படுத்தார். அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். பழைய பாடம் மாதிரியேதான், கியர் போடுகிறவர் ஒருவர், சொல்கிறவர் ஒருவர். சொல்கிறவர் இப்போது தரையில் கிடந்தார்.

"ஒன்னு போடுங்கம்மா" என்றது அடியிலிருந்து குரல்.

"போட்டேன்."

மறுபடி போடச் சொன்னார். அக்கா சரியாகத்தான் சாய்த்தார், சரியாகத்தான் தள்ளினார். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கீழே டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் அலைந்தது. பிறகு மாஸ்டரின் குரல் வந்தது: "நீங்க சாய்க்கறீங்க. இங்க தண்டு சாயவே மாட்டேங்குது."

அக்கா இறங்கிவந்து காரின் ஓரமாகக் குனிந்தார். "வெளிய வாங்க. நான் பாக்கறேன்." தரையில் எண்ணெய், அழுக்கு என்று மாஸ்டர் தடுத்தும் கேட்கவில்லை. ஒரு கோணியை விரித்து, வெள்ளை ஏப்ரனோடு காருக்கடியில் நுழைந்துவிட்டார். மாஸ்டர் மேலே ஏறி உட்கார்ந்து, சுளுக்கிய கையால் கியரைச் சாய்த்தார். "இன்னொரு தடவ" என்றார் அக்கா. சாய்த்தார். "இன்னொரு தடவ." எத்தனை தடவை என்று தெரியாது. வலியில் மாஸ்டரின் நெற்றி வேர்த்துவிட்டது. போதும் என்று அவர் சொல்லவில்லை. அவர் மனைவி தோளில் அளவுநாடாவோடு வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வெளியே வந்தபோது கன்னத்தில் கிரீஸ். தன் இடது உள்ளங்கையை ஏப்ரனில் துடைத்தார், துடைத்த பிறகும் அதையே பார்த்தார்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போய் இந்தக் கையவே பாத்துட்டிருந்தேன். அடுத்த நாள் ஒரு கொழந்தைக்குப் பேர் எழுதணும். நடுங்குச்சு மாஸ்டர். எழுத வரல. வேற ஆள எழுதச் சொன்னேன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கணக்கு ஒப்பிப்பது மாதிரி சொன்னார். மாஸ்டர் ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தார். கியரிலிருந்து கையை எடுக்கவும் தோன்றவில்லை, அங்கேயே வைத்திருக்கவும் முடியவில்லை. குமிழ்மேல் விரல்கள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தன. அவர் மனைவிதான் வந்து அக்காவை உள்ளே கூட்டிப்போய், முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் மெக்கானிக் வந்து புது புஷ் போட்டார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. அதன் பிறகு கியர் சொன்ன இடத்தில் டக்கென்று போய் உட்கார்ந்தது, எனக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் எல்லாருக்கும். மாஸ்டர் ஒருவருக்குத்தான் தகராறு. அந்தப் பழைய நெம்பு அவர் மணிக்கட்டை விட்டுப் போகவில்லை. முதல் கியரைப் போடப்போய், அதற்கும் இடப்பக்கமுள்ள பின்கியரின் வாசலில் முட்டிக்கொண்டு நிற்பார். தினமும் நாங்கள் வருவதற்கு முன்னால் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, ஒன்று, இரண்டு என்று போட்டுப் பழகுகிறாராம். "எல்கேஜி" என்றார் அவர் மனைவி.

அக்கா மறுபடி கற்றுக்கொள்ள வந்தார். பழைய கலகலப்பில்லை. கேட்டதற்கு மட்டும் பதில், வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு நடையைக் கட்டிவிடுவார். மாஸ்டரும் ஏதும் பேச முயலவில்லை. அவர் கைமேல் ஒருமுறைகூடக் கை வைக்கவில்லை. தேர்வன்று ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தபோது கார் ஒரு விரல்கூடப் பின்னால் வரவில்லை. அதிகாரி முன்போலவே தலை நிமிராமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அக்கா இறங்கிவந்து மாஸ்டரைப் பார்த்து, "ஏறுச்சு" என்றார். அவ்வளவுதான். வேன் திரும்பி வரவில்லை. வேன்காரர் லீவு போடுகிற நாளில் மட்டும் அவர் ஓட்டுகிறார். அந்த நாட்களில் பள்ளி வாசலைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பார் என்று சொல்ல ஆசைதான். அடிப்பதில்லை.

மாஸ்டர் இப்போதெல்லாம் யார் கையைப் பற்றியும் பேசுவதில்லை. யாருக்காவது கியர் விழவில்லையென்றால், "நகருங்க, நான் போட்டுப் பாக்கறேன்" என்று தானே இருக்கை மாறி உட்கார்ந்து பார்க்கிறார். மனைவியை மறுபடி கற்றுக்கொள்ள ஒருநாள் கூப்பிட்டிருக்கிறார். அவர் வரவில்லை. "வெளிய அனுப்புனவங்கள முதல்ல போய்ப் பாருங்க. வீட்ல இருக்கறவ எங்க போயிரப் போறேன்" என்றாராம். அப்படி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. எங்கள் கார் போகிற தெருக்களில் நடந்துபோகிறவர்களை அவர் உற்று உற்றுப் பார்ப்பது அதற்காகத்தான் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

போன வாரம் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைவீதித் திருப்பத்தில், "ஓரமா நிறுத்துங்க" என்றார். ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து நிறுத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில், கைப்பையை மார்போடு அணைத்தபடி உயரமாக ஒருவர் நின்றிருந்தார்.

"நம்மகிட்ட வந்தவரு. உங்களுக்கெல்லாம் முன்னாடி" என்றார் மாஸ்டர். "கையா மரக்கட்டையான்னு கேட்டேன் அவர."

கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைக் கடந்தார். அவரைக் கண்டதும் அந்த மனிதர் ஓர் அடி பின்னால் போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாஸ்டர் ஏதோ சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பஸ் வந்து அவர்களை மறைத்து நின்றது. அது நகர்ந்து போன பிறகும் அந்த மனிதர் அங்கேயே இருந்தார். அவருடைய இடது கையை மாஸ்டர் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றிருந்தார்.